சிவப்பாக மாறிய திரை பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதியாகிவிட்டது. உண்மை நிலவரம் கீழே வருகிறது.

நேற்று தாங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது லைன் அறுந்துவிட்டது. நான்தான் வைத்துவிட்டேன் என்று தாங்கள் தங்கள் மகனிடம் சொல்லி, அவர் என் மகளிடம் சொல்லி, அவள் தன் அம்மாவிடம் சொல்லி, அந்த அம்மாள் என்னிடம் சொல்லாமல் சமையலறைப் பாத்திரங்களிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வைக்கவில்லை. போனை மேசைமேல் போட்டேன். அது தானாக அறுந்துகொண்டது. ஆனாலும் தாங்கள் கேட்ட கேள்வி அதற்குள் காதில் விழுந்துவிட்டது. "ஒரு கையெழுத்துதானே சம்பந்தி, போட்டுட்டாத்தான் என்ன?" என்று கேட்டீர்கள். அதற்கு என்னால் போனில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் தாங்கள் நடுவில் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி தங்களுக்கு இல்லை.

முதலில் என் வேலை என்னவென்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் பேச வந்த அன்றைக்கே விளக்கமாகச் சொன்னேன். தாங்கள் தலையை ஆட்டிக்கொண்டே எங்கள் ஜன்னல் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கதவு ஜன்னல் செய்து விற்ற கண் வேறு எங்கே போகும். ஆகவே மறுபடி சொல்கிறேன். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் என்றால், பாலிசி எடுத்தவர்களின் குடும்பத்துக்கு என்றைக்கோ ஒருநாள் பணம் கொடுக்கும் பொறுப்பு அதன் தலைமேல் இருக்கிறது. அந்த என்றைக்கோ ஒருநாளுக்காக இன்றைக்கே எவ்வளவு எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். அப்படி ஒதுக்குவதற்கு ரிசர்வ் என்று பெயர். குறைத்து ஒதுக்கினால், புருஷனை இழந்தவள் வந்து நிற்கும்போது பெட்டி காலியாக இருக்கும். கூட்டி ஒதுக்கினால் இயக்குநர்களுக்கு முகம் சுருங்கும். ஒவ்வொரு காலாண்டும் இந்தக் கணக்கை நிறுவனம் போடும். போட்டது சரிதானா என்று வேறொருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பார். அந்த வேறொருவர் நான். இதற்கென்று நான் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. எழுத்தராகச் சேர்ந்து, மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர்கள் மேசையில் திறந்து கிடந்த புத்தகங்களைப் படித்து, புரியாததைத் திரும்பப் படித்து, அப்போதும் புரியாததைப் புரிந்த மாதிரி எழுதிப் பார்த்து, அப்படிக் கற்றுக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் காலாண்டு முடிந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் கையெழுத்து போடாத கணக்கு அந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத்தான் தங்கள் மகன் ஒரு சாஃப்ட்வேருக்குக் கற்றுக்கொடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். என் மருமகன் என்பதால் குறைத்துச் சொல்ல மாட்டேன், தங்கள் மகன் என்பதால் கூட்டியும் சொல்ல மாட்டேன்: பிள்ளை கெட்டிக்காரர்தான். நிறுவனத்தின் கணக்குக் கோப்பை ஏற்றிவிட்டால் இது பாலிசி பாலிசியாகத் தானே மறுபடி கணக்குப் போட்டு, ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு என்று காட்டும். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் தட்டை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பை வைத்து, "மாமா, இதைப் பாருங்க" என்றார். பார்த்தேன். நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்வதை அது நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் செய்துவிட்டது. "எங்கே மாப்பிள்ளை வெச்சிருக்கீங்க இதை? இந்தக் கம்ப்யூட்டர்லயா?" என்று கேட்டேன். "இதுல ஒண்ணுமே இல்ல மாமா. எல்லாம் வெப்ல இருக்கு. எங்கேருந்து வேணாலும் பாக்கலாம்" என்றார். எங்கேயிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் எங்கேயும் இல்லை என்றுதானே அர்த்தம்? தப்பு வந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது? அப்போதே கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நிறுவனத்துக்கு இந்த சாஃப்ட்வேர் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கணக்குப் பிரிவு மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார். இந்தக் காலாண்டு நானும் சரிபார்க்க வேண்டும், சாஃப்ட்வேரும் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நான் கையெழுத்து போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். வாங்கினால் தங்கள் மகனின் சின்னக் கம்பெனி நிமிர்ந்துவிடும். வாங்காவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு, தூரத்து ஊரில் ஒரு பெரிய இடத்தில் வேலைக்கு அழைத்திருக்கிறார்களே, அங்கே போய்விடுவார். அவர் போனால் என் மகளும் போவாள். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்ற மாதிரி நேற்று தாங்கள் எடுத்துச் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். அவர்கள் குடியிருப்பது என் தலைக்கு மேலே. மாடியில் யார் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சரி, என்னையும் அந்த வெப்புக்குள் விட்டார்கள். உள்ளே நுழைய ஒரு பாஸ்வேர்டு. அதில் பெரிய எழுத்து வேண்டும், சின்ன எழுத்து வேண்டும், எண் வேண்டும், எழுத்துமில்லாமல் எண்ணுமில்லாமல் நடுவில் தொங்குகிற ஒரு குறி வேண்டும். நான் போட்டதையெல்லாம் பலவீனமானது என்று சொல்லித் தள்ளியது. என் மனைவியின் முழுப் பெயரைப் போட்டேன், அதுவும் பலவீனமாம். அதை மட்டும் நான் நம்பவில்லை. ஒருவழியாக உள்ளே போய், ஒரு பாலிசியை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கிறேன். நிமிர்ந்தால் திரையில் எதுவும் இல்லை. "நீண்ட நேரம் செயல்படாமல் இருந்ததால் வெளியேற்றப்பட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறது. செயல்படாமலா? யோசித்துக்கொண்டிருந்தேன் சம்பந்தி! இந்த சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை யோசிப்பது சும்மா இருப்பது. என் மனைவிக்கும் இதே அபிப்பிராயம்தான், ஆனால் அவள் என்னை இதுவரை வெளியேற்றியதில்லை. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி யோசனை, மறுபடி வெளியே. கடைசியில் வலது கையால் பென்சிலைப் பிடித்து எழுதிக்கொண்டு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அதற்குத் தெரிவதற்காக இடது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் தோள்பட்டை பிடித்திருக்கிறது. இதைத் தங்கள் மகனிடம் சொன்னால் "அந்த நேரத்தைக் கூட்டி வெச்சுடறேன் மாமா" என்கிறார். எனக்கு நேரத்தைக் கூட்டித் தரும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாத இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன். ஒரு பாலிசியில் என் கணக்குக்கும் அதன் கணக்குக்கும் காசில் பின்னம் அளவுக்கு வித்தியாசம். ஆனால் திரையில் பச்சை! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் பச்சை. அடுத்த பாலிசி, அதிலும் துளி வித்தியாசம், அதுவும் பச்சை. வித்தியாசம் ஏன் வருகிறது என்பது விளங்கிவிட்டது: நாங்கள் ஒவ்வொரு படியிலும் விடையைக் காசுக்கு முழுதாக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போவோம், தங்கள் மகன் அப்படியே நீட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு தடவை முழுதாக்குகிறார். ஒரு தினுசு குளியல் அது: வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து ஒருநாள் குளிப்பது. அது அவர் பழக்கம், இருக்கட்டும். வித்தியாசம் இருக்கிறது அல்லவா? இருந்தால் சிவப்பு காட்ட வேண்டியதுதானே? தேடினேன். அமைப்புகள் என்கிற பக்கத்தில், யாரும் போகாத ஒரு மூலையில், 'டாலரன்ஸ்' என்று ஒரு பெட்டி. அதாவது பொறுத்துக்கொள்ளும் அளவு. இந்த அளவுக்குள் தப்பு இருந்தால் கண்டுகொள்ளாதே, பச்சை காட்டிவிடு என்று சாஃப்ட்வேருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். சம்பந்தி, சரிபார்ப்பவன் தப்புக்கு ஒரு பங்கை வேலை தொடங்கும் முன்பே ஒதுக்கி வைக்கலாமா?

திரையின் வலது ஓரத்தில் 'உதவி தேவையா?' என்று ஒரு குட்டிப் பெட்டி இருந்தது. அதில் தட்டெழுதினால் அவர்கள் கம்பெனியிலிருந்து யாரோ பதில் எழுதுவார்களாம். நான் எழுதினேன்: "பொறுத்துக்கொள்ளும் அளவை உடனே நீக்கவும்." உடனே பதில் வந்தது: "வணக்கம்! அது தேவையான அமைப்பு. மிகச் சிறிய வித்தியாசங்களால் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்கிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி." எனக்குப் பொறுமை இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது என்று எழுதினேன். "மன்னிக்கவும். இதனால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை" என்று வந்தது. எனக்கு உச்சி சூடாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "தப்பு சின்னதா பெரியதா என்று தராசு வைத்துப் பார்க்கிறவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. உன்னை இப்படி வளர்த்தது யார்?" என்று அடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் குதித்துக்கொண்டிருந்தன. பிறகு பதில் வந்தது. "நீங்கதான்ப்பா. டீ ஆறிடப் போகுது, குடிங்க."

நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். மாடியில் நாற்காலி நகரும் சத்தம். உதவிக் குழு, உதவிக் குழு என்று தங்கள் மகன் சொல்லிக்கொண்டிருந்தது என் மகள் ஒருத்தியைத்தான். பெற்ற மகளிடம் நான் மத்தியானம் பூராவும் உதவி கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் எனக்கு நன்றி, மன்னிக்கவும் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்; வீட்டில் இந்த இரண்டு வார்த்தையையும் அவள் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது.

சாயங்காலம் அவளே இறங்கி வந்தாள். "அப்பா, ஒரு காசுக்கும் கம்மியான வித்தியாசம்ப்பா அது. அதைச் சிவப்புன்னு காட்டினா எல்லாமே சிவப்பாயிடும். நிஜமான தப்பு எங்க இருக்குன்னே தெரியாம போயிடும்" என்றாள். "அப்ப இது பொய்யான தப்பா?" என்றேன். "உங்ககிட்ட பேச முடியாது" என்றாள். பேசிக்கொண்டுதான் இருந்தாள். தங்கள் மகன் பின்னாலேயே வந்து, "மாமா, எல்லா இடத்துலயும் இப்படித்தான் வெச்சுக்கறாங்க" என்றார். எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக நான் செய்திருந்தால் இன்றைக்கு எனக்கும் நாலு வீடு இருந்திருக்கும் மாப்பிள்ளை என்றேன். அவர் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். பேசாமல் போவதில் அவர் தங்களைக் கொண்டு பிறக்கவில்லை என்பது எனக்கு அப்போது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இயக்குநர்கள் முன்னால் சாஃப்ட்வேரை இயக்கிக் காட்டும் நாள். எனக்கு அழைப்பு இல்லை. "நீங்க எதுக்கு சார் சிரமப்படணும், வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார் மேலாளர். அந்த நிறுவனத்தில் ஒவ்வொரு மேசைக்கும் எந்தக் கால் ஆடும் என்று தெரிந்த மனிதனை வீட்டில் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டு, கணக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்களைக் குளிர்ந்த அறையில் உட்கார்த்தி வைத்துச் சுவர் அகலத்துக்குத் திரை போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு ரெஸ்ட் எடுத்துப் பழக்கமில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தேன். பாஸ்வேர்டு போட்டேன், முதல் தடவையிலேயே உள்ளே விட்டது. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். நேராக அமைப்புகள், நேராக அந்தப் பெட்டி. இருந்த எண்ணை அழித்துவிட்டுப் பூஜ்யம் என்று போட்டேன். சேமி என்பதை அழுத்தினேன். "இந்த மாற்றம் எல்லாப் பயனாளர்களுக்கும் பொருந்தும். தொடரலாமா?" என்று அது கேட்டது. நியாயம் என்றால் எல்லாருக்கும் பொருந்த வேண்டியதுதானே? தொடரலாம் என்று அழுத்தினேன்.

இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் மாற்றினால் என் கம்ப்யூட்டரில் மாறும். குழாயை இங்கே திறந்தால் இங்கே தண்ணீர் வரும், அடுத்த தெருவில் யாருக்கோ தலை நனையும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? எல்லாம் வெப்பில் இருக்கிறது என்றால் என் கையும் சேர்த்து வெப்பில் இருக்கிறது என்று தங்கள் மகன் எனக்குச் சொல்லவே இல்லை. அங்கே அவர் எழுந்து நின்று, "எல்லா பாலிசியும் பச்சையா இருக்கறதை நீங்களே பாக்கறீங்க" என்று கையை நீட்டியிருக்கிறார். அவர் கை நீட்டிய இடத்திலிருந்து வரிசை வரிசையாகச் சிவப்பாக மாறத் தொடங்கியதாம். மேலாளர் பிறகு சொன்னார், ஏதோ தீப்பிடித்தது போல் இருந்தது சார் என்று. கடைசி வரிசைவரை சிவப்பு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு காசுக்கும் குறைந்த வித்தியாசம். இயக்குநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

என் போன் அடித்தது. தங்கள் மகன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மாமா, எதையாவது தொட்டீங்களா?"

"நான் எதையும் தொடலை மாப்பிள்ளை. திருத்தினேன்."

"சரி மாமா" என்று வைத்துவிட்டார். அவர் வைத்தார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தங்கள் குடும்பத்தில் போனை வைப்பவர்கள் யார் என்று.

அன்று மாலைதான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. இந்த சாஃப்ட்வேரில் ஆட்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் என்றால் பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது. சரிபார்ப்பவர் என்றால் குறிப்பு எழுதலாம். நிர்வாகி என்றால் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். என் மகள் தலையில் அடித்துக்கொண்டு கேட்கிறாள்: "அப்பாவை ஏன் நிர்வாகியாப் போட்டீங்க? பார்வையாளர்னு போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே!" அதற்குத் தங்கள் மகன் சொன்ன பதில்: "மாமனாரைப் போய் எப்படிப் பார்வையாளர்னு போடறது? நல்லா இருக்குமா?" சம்பந்தி, ஒன்று சொல்கிறேன், தங்கள் மகனை அந்த ஒரு விஷயத்தில் தாங்கள் சரியாக வளர்த்திருக்கிறீர்கள். ஆனால் மறுநாள் காலையில் நான் உள்ளே போனபோது அமைப்புகள் என்கிற பக்கமே இல்லை. என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பார்வையாளர்' என்று இருந்தது. சொந்த மருமகனின் சாஃப்ட்வேரில், சொந்த மகள் கையால், நான் பார்வையாளர். உதவிப் பெட்டியில் எழுதிக் கேட்டேன். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. கூரையைப் பார்த்தேன். மாடியில் சத்தமே இல்லை.

அதற்கப்புறம் மேலாளர் வந்தார், வீட்டுக்கே வந்தார். "சார், இயக்குநர்கள் வாயே திறக்க மாட்டேங்கறாங்க. இப்ப ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு கணக்கும் ஒண்ணுதான்னு நீங்க கையெழுத்து போட்டுக் குடுங்க, அதைக் காட்டி நான் பேசறேன்" என்றார். ஒன்று இல்லையே என்றேன். "ஒண்ணு மாதிரிதான் சார்." மாதிரி என்ற வார்த்தையை அந்தத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள், அப்போது போடுகிறேன் என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "ஒரு காசுக்காகப் பொண்ணை ஊரை விட்டே அனுப்பறீங்களே, நல்லா இருங்க" என்றாள். ஒரு காசு என்று யார் சொன்னது, ஒரு காசுக்கும் கம்மி என்று திருத்தினேன். "அப்ப இன்னும் கேவலம்" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறது, உப்பு மட்டும் தனியாக. வேண்டிய அளவு போட்டுக்கொள்ளட்டும் என்று அர்த்தம்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் தாங்கள் போனில் வந்து கதவு உபதேசம் செய்தீர்கள். "கதவுக்கும் நிலைக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விடலைன்னா கதவு மூடாது சம்பந்தி. மழை பெஞ்சா மரம் ஊதும், அதுக்கும் சேத்துதான் விடணும். நீங்க இடமே விடாம அடிக்கறீங்க." கதவுக்கு அது சரி. கதவு மரம். ரிசர்வ் மழையில் ஊதாது. அதோடு எங்கள் வீட்டுக் கூடத்துக் கதவைத் தாங்கள் மாற்றிக் கொடுத்தபிறகு அந்த இடைவெளி வழியாக எதிர்வீட்டுத் தொலைக்காட்சி முழுவதும் எங்களுக்குக் கேட்கிறது என்பதையும், இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று பயமுறுத்துகிறீர்கள். போகட்டும். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. மாடிப்படியின் அடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நடக்க வழியில்லை. மாடி விளக்கை அணைக்காமல் வருவதற்கும், தண்ணீர்த் தொட்டி வழிய வழிய மோட்டாரை விட்டுவிட்டுத் தூங்குவதற்கும், செருப்பை வாசலுக்குக் குறுக்கே கழற்றிப் போடுவதற்கும் இனி அந்த ஊரில் யாராவது சத்தம் போடட்டும். அந்த ஊரில் அவளுக்கு யார் சத்தம் போடுவார்கள் என்று தெரியவில்லை. சத்தம் போடாத இடத்தில் அவளுக்குத் தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆனால் இதற்காகவெல்லாம் நான் ஒத்துப்போகாததை ஒத்துப்போகிறது என்று எழுதிக் கொடுக்க முடியாது. அப்படி எழுதிக் கொடுக்கிற அப்பா வேண்டும் என்றால் அவள் வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

ஆகவே என் முடிவைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் பூஜ்யம் இருக்க வேண்டும். தங்கள் மகன் ஒவ்வொரு படியிலும் முழுதாக்க வேண்டும். என்னை மறுபடி நிர்வாகியாக்க வேண்டும். இது நடக்கும்வரை என் கையெழுத்து கிடையாது. தாங்கள் வந்து நின்றாலும் கிடையாது, இயக்குநர்கள் வரிசையாக வந்து நின்றாலும் கிடையாது. இதில் எள்ளளவும், மன்னிக்கவும், எள்ளளவைக்கூட நான் விட்டுவைப்பதில்லை, எந்த அளவும் மாற்றம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர்கள் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள், அதாவது சொல்லச் சொல்லியிருப்பாள். பெரியவர்களுக்கு வணக்கங்களும் சின்னவர்களுக்கு ஆசிகளும். தாங்களும் தங்கள் குடும்பமும் எல்லா நலமும் பெற்று, நான் சொல்வதில் உள்ள நியாயத்தையும் பெற்று, நீடூழி வாழ வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மேலாளர் போன் செய்தார். "சார், நல்ல சேதி! சாஃப்ட்வேரை வாங்கறதுன்னு முடிவாயிடுச்சு." நான் கையெழுத்தே போடவில்லையே என்றேன். "தேவைப்படல சார்" என்றார். தேவைப்படவில்லையாம். அன்றைக்கு எழுந்து போன இயக்குநர்கள் அடுத்த அறையில் போய்ப் பேசிக்கொண்டார்களாம்: ஒரு காசுக்கும் குறைந்த வித்தியாசத்தையே இது இப்படித் திரை முழுக்கச் சிவப்பாக்கிக் காட்டுகிறதென்றால் இதனிடம் எந்தத் திருட்டுத்தனமும் நடக்காது, இதுதான் நமக்கு வேண்டும் என்று. அதைவிட அவர்களுக்குப் பிடித்தது, எந்த எண்ணை யார் எப்போது மாற்றினார்கள் என்று அது தானாகவே எழுதி வைத்துக்கொண்டிருந்ததாம். அதைத் தங்கள் மகன் நேற்று காட்டியிருக்கிறார். அதில் முதல் வரியில் இருப்பது என் பெயர். "உங்களாலதான் சார் வித்துச்சு" என்று சிரிக்கிறார் அந்த மனிதர்.

மாடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாராசமான சத்தம். என் மனைவி மேலே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், பிரிக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஆனால் சம்பந்தி, என் கையெழுத்து இல்லாமல் ஒரு கணக்கு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போவதா? நான் உயிரோடு இருக்கும்போதா? இந்த அநியாயத்தைத் தாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. தங்கள் மகனுக்கு உடனே போன் செய்து, இந்தக் காலாண்டு அறிக்கையின் அடியில் நான் கையெழுத்து போட ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் எந்த எண்ணை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் ஒரே தடவை முழுதாக்கிக்கொள்ளட்டும். பார்வையாளராகவே இருந்துவிட்டுப் போகிறேன். கோடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நான் நெருக்கி எழுதிக்கொள்வேன். மேலே எழுதியிருப்பதைத் தாங்கள் படித்திருந்தால், படிக்காததாக வைத்துக்கொள்ளவும். மாடிக்குப் போய் நானே கேட்கலாம்தான். ஆனால் அந்தப் படியில் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று போன வாரம் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லிலிருந்து மாறுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும்.